தாயின் உழைப்பும் மகளின் செவியும்: கொரியப் புலம்பெயர் புனைவில் பெண்

1903 ஜனவரியில் ‘கேலிக்’ என்னும் கப்பல் கொரியர்களின் முதல் குழுவை ஹொனலுலுவில் இறக்கியது. 1905க்குள் ஏறத்தாழ 7,000 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டனர். பெரும்பாலோர் மணமாகாத ஆண்கள். 1910க்குப் பின், 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வாசலை அடைக்கும்வரை, புகைப்படம் பார்த்து மணம் பேசி முடிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறினர். படத்தில் இளைஞனாக இருந்தவர் துறைமுகத்தில் நரைத்த தலையோடு நின்றதைக் கண்டவர்கள் அவர்களில் பலர். ஆனால் தொடக்கக்காலப் புனைவு இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. யங்ஹில் காங் 1937இல் வெளியிட்ட ‘ஈஸ்ட் கோஸ் வெஸ்ட்’ நியூயார்க்கில் அலையும் படித்த ஆண்களின் உலகம்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப அரை நூற்றாண்டு ஆயிற்று. 1980களின் பிற்பகுதியில் வந்த கிம் ரொன்யங்கின் ‘கிளே வால்ஸ்’ நாவல், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கழிப்பறையைக் கழுவ நிற்கும் ஹேசுவோடு தொடங்குகிறது. அவள் யாங்பான் என்னும் மேற்குடியில் பிறந்தவள். கணவன் சுன் உழவர் வீட்டுப் பிள்ளை. வேலையை அவள் உதறுகிறாள். அவனுக்கோ அந்தக் கூலியை விடுவதில் நியாயம் தெரியவில்லை. இந்தப் பிணக்கைப் பழைமைக்கும் அமெரிக்க நவீனத்துக்கும் இடையிலான மோதல் என்று வாசிப்பது போதாது. பெருமையும் பசியும் ஒரே வீட்டில் இருவேறு சாதிப் படிநிலைகளிலிருந்து பேசுகின்றன என்றே எனக்குப் படுகிறது. வியாபாரம் நொடித்து, சூதாட்டத்தில் வீழ்ந்து சுன் வெளியேறியபின், பிறந்த குடியின் மிடுக்கு குலையாமலேயே, வீட்டிலிருந்து துணிக்கு இத்தனை என்று கூலிக்குத் தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள் ஹேசு. நாவலின் மூன்று பகுதிகளில் கடைசிப் பகுதி மகள் ஃபேயின் தன்மைக் குரலில் அமைந்திருப்பது முக்கியமானது: தாய் வாழ்ந்ததை மகள் பார்த்துச் சொல்லும் வடிவம் இங்கே உருக்கொள்கிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1982இல், தெரசா ஹாக் கியுங் சா ‘டிக்டே’யில் அதே உறவை வேறுவிதமாக அணுகியிருந்தார். நாவல் என்றே வகைப்படுத்த முடியாத அந்த நூலில், மஞ்சூரியாவில் பிறந்து ஜப்பானிய ஆட்சியில் இளம் ஆசிரியையாக இருந்த தாயை மகள் முன்னிலையில் விளித்துப் பேசுகிறாள். நூல் வந்த சில நாள்களிலேயே சா நியூயார்க்கில் கொலையுண்டார். ஆய்வுலகம் அவரை உரிய முறையில் வாசிக்க 1990கள் வரவேண்டியிருந்தது.

1991 ஆகஸ்டில் கிம் ஹாக் சுன் என்னும் மூதாட்டி, ஜப்பானியப் படையின் பாலியல் அடிமையாக இருந்ததைப் பெயரும் முகமும் மறைக்காமல் சொன்னார். 1993இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய மற்றொருவரின் வாக்குமூலத்தைக் கேட்ட நோரா ஓக்ஜா கெல்லர், 1997இல் ‘கம்ஃபர்ட் வுமன்’ நாவலைத் தந்தார். அதில் தாய் அகிகோவும் மகள் பெக்காவும் மாறிமாறிப் பேசுகிறார்கள். ஆவிகளோடு பேசும் தாயைப் பித்துப் பிடித்தவள் என்றே எண்ணி வளர்ந்த மகளுக்கு, தாய் இறந்தபின் கிடைக்கும் ஒலிநாடாவில்தான் உண்மை தெரியவருகிறது. அகிகோ என்பது படைமுகாமில் இறந்துபோன இன்னொருத்திக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர். தாயின் சொந்தப் பெயரே மகளுக்குத் தெரியாத ஒரு குடும்பத்தில், அடையாளத்தைப் பண்பாட்டு மரபுரிமை என்று எப்படிச் சொல்வது?

மின் ஜின் லீயின் ‘பச்சிங்கோ’ (2017) கேட்கும் மகளை விலக்கிவிட்டுப் படர்க்கையில் நடக்கிறது. களம் ஜப்பான். ஒசாகாவில் கணவனின் அண்ணன் யோசெப்பின் கடனை அடைக்க, நாவலின் நாயகி சுன்ஜா ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை விற்கிறாள். கடன் தீர்ந்த நிம்மதியைவிடப் பெண்கள் தீர்த்துவிட்டார்களே என்ற சினமே யோசெப்புக்குப் பெரிதாகிறது. ஹேசுவின் வீட்டுக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. பிறகு சந்தையில் கிம்சி விற்றுக் குடும்பத்தைத் தாங்குபவளும் அவள்தான். ஆனால் லீ ஆண்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் துன்பப்படத்தான் வேண்டும் என்ற பாடத்தைப் பெண்களே தலைமுறைதோறும் கைமாற்றுகிறார்கள். சாகும் தறுவாயில் தாய் யாங்ஜின், மணமாகுமுன் கருவுற்ற பழைய பழியைக் கிழவியாகிவிட்ட மகள் முகத்திலேயே வீசுகிறாள்.