லோடு ஏற்ற மறுத்த 50 பேர்

தொழிலாளர் பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், கையுறை, சுவரில் ஒட்டிய விதிப் பட்டியல் இவைதான் நம் நினைவுக்கு வரும். லோடு ஏற்றும் இடங்களின் வரலாறோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது. ஆபத்து என்று தெரிந்த பிறகு வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் 50 கறுப்பின இளைஞர்கள் சிறை சென்றார்கள். நம் மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டிய வரலாறு அது.

இரண்டாம் உலகப்போர் காலம். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே போர்ட் சிகாகோ என்ற கடற்படைத் துறை இருந்தது. ரயில் பெட்டிகளில் வரும் குண்டுகளை இறக்கிக் கப்பலில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. லோடு ஏற்றியவர்கள் அனைவரும் கறுப்பினச் சிப்பாய்கள். மேற்பார்த்த அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர்கள். வேலையைப் பிரிப்பது வேறு, மனிதர்களைப் பிரிப்பது வேறு என்பதை அம்பேத்கரிடம் கற்ற நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

குண்டுகளைக் கையாள அவர்களுக்கு முறையான பயிற்சி தரப்படவில்லை. பயிற்சி தருகிறோம் என்று துறைமுகத் தொழிலாளர் சங்கம் முன்வந்தும் கடற்படை ஏற்கவில்லை. பாதுகாப்பு விதிகள் துறையில் ஒரே ஓர் இடத்தில் ஒட்டப்பட்டிருந்தன. தங்கும் கொட்டகைகளில் ஒட்டவில்லை. கறுப்பினத்தவருக்கு அவை புரியாது என்று பொறுப்பிலிருந்த அதிகாரி நினைத்தார்! ஆனால் எந்த அணி எத்தனை டன் ஏற்றியது என்ற கணக்கு மட்டும் தவறாமல் கரும்பலகையில் எழுதப்பட்டது. எந்த அணி அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பந்தயமும் கட்டினார்கள்.

1944 ஜூலை 17 இரவு 10.18 மணிக்கு அந்தத் துறை வெடித்துச் சிதறியது. 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். அடையாளம் காணக்கூடிய நிலையில் கிடைத்தவை 51 உடல்கள் மட்டுமே. கடற்படையின் விசாரணை அதிகாரிகள் மீது குற்றம் காணவில்லை. உயிர்தப்பிய வெள்ளை அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது. சிதறிய உடல்களைப் பொறுக்கியெடுத்த கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, அருகிலிருந்த மேர் ஐலண்டில் மீண்டும் குண்டு ஏற்றும்படி அவர்களுக்கு உத்தரவு வந்தது. அதே வேலை, அதே முறை. 258 பேர் மறுத்தார்கள். மறுப்பவர்களைச் சுட்டுக் கொல்லலாம் என்று மிரட்டிய பிறகு 208 பேர் பணிந்தார்கள். அவர்களுக்கும் தண்டனை கிடைத்தது. மீதி 50 பேர் மீது கலகக் குற்றம் சுமத்தப்பட்டு, 8 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை, யாரையும் தாக்கவில்லை. குண்டு ஏற்ற மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான்.

விசாரணையை நேரில் கவனித்தவர் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். இந்த அநீதியை அவர் நாடறியச் செய்தார். போர் முடிந்தபின், 1946 ஜனவரியில், பெரும்பாலானவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கலகக்காரர் என்ற பட்டம் மட்டும் விலகவில்லை. 2024 ஜூலை 17 அன்றுதான் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கடற்படை அறிவித்தது. 80 ஆண்டுகள்!

இந்த விபத்துக்குப் பிறகு பயிற்சி பெற்றவர்களே குண்டுகளைக் கையாள வேண்டும் என்ற நடைமுறை வந்தது. ஏற்றும் வேலையில் வெள்ளையரும் சேர்க்கப்பட்டார்கள். 1956க்குப் பின் கன்டெய்னர் பரவியது. சரக்கு ஏற்றும் வேலையில் பெரும்பங்கு துறைமுகத்திலிருந்து குடோன் வாசலுக்கு, ட்ரெய்லரின் பின்கதவுக்கு நகர்ந்தது. கூடவே ஆபத்தும் நகர்ந்தது.

ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளப்படும். மேடைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி விழும். அல்லது லோடு முடிந்துவிட்டது என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். உள்ளே இருப்பவர் டிரைவருக்குத் தெரியமாட்டார். டிரைவர் வண்டியில் ஏறிவிட்டது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஃபோர்க்லிஃப்டோடு மனிதரும் கீழே விழுவார்.

தடுக்கும் வழிகள் எளியவை. பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இது சட்ட விதி. வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும், சிவப்பு-பச்சை விளக்கு வைப்பதும் பல இடங்களில் வழக்கம். தனியே கழற்றி விட்ட ட்ரெய்லர் கவிழாமல் முன்பக்கம் முட்டுக் கொடுப்பார்கள். ஒரு மரக்கட்டைக்குப் பெரிய செலவில்லை. ஆனால் அதைப் போட்டு எடுக்க நேரம் ஆகும். கரும்பலகையில் டன் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் கட்டை மூலையில்தான் கிடக்கும்.

அதனால்தான் மறுக்கும் உரிமை முக்கியமாகிறது. 1974இல் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் உயரத்தில் இருந்த கம்பி வலையிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். சில நாட்களில் அதே வலைமேல் ஏற மறுத்த இருவர், அன்றைய மீதிச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான வேலையை மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி செல்லும் என 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகளில் ஒருவர், 36 ஆண்டுகளுக்கு முன் அந்த 50 பேரின் விசாரணையைக் கவனித்த அதே தர்குட் மார்ஷல்.

இங்கே? போபாலுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது. சுட்டிக்காட்டுவது வேறு, மறுப்பது வேறு. அன்றாடக் கூலிக்கு லோடு ஏற்றுபவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாளைய சோறு.

தோழர்களே, குடோன்களில் கள ஆய்வுக்குப் போகும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார்களா என்று பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டை போடாமல் ஏற மாட்டேன் என்று சொல்லும் லோடுமேனுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.