மீட்பு நாய்க்குட்டி வளர்ப்பு

மீட்பு நாய்க்குட்டி வளர்ப்பு என்பது தாயைப் பிரிந்த அல்லது கைவிடப்பட்ட நாய்க்குட்டியை ஒரு வீட்டில் தற்காலிகமாகப் பராமரித்து, பின்னர் நிலையான வளர்ப்பாளரிடம் தத்துக் கொடுப்பதாகும். மழைவெள்ளக் காலங்களில் இதன் தேவை மிகுகிறது. தாமிரபரணிக் கரையோரப் பகுதிகள் 2023 டிசம்பரில் பெருவெள்ளத்தால் பாதிக்கப்பட்டன.

வரலாறு

விமானி கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை மீட்டு வளர்த்தார். இதுவே 1959-இல் அவர் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா அமைப்பைத் தொடங்கக் காரணமாயிற்று.

பராமரிப்பு

பிறந்த முதல் சில வாரங்களில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைப் பேண இயலாது. ஆகவே கதகதப்பான இடம் தேவை. பசும்பாலில் நாய்ப்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் குறைவு. அது வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு 6 முதல் 8 வாரங்களிலும், வெறிநோய்க்கு ஏறத்தாழ 3 மாதத்திலும் தடுப்பூசி தொடங்கப்படும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. எனவே குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தத்துக் கொடுத்தல்

எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் பிரிப்பது நன்றன்று. தத்தெடுக்கப்பட்ட தெருநாய்கள் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2025 ஆகத்து 22 அன்று ஆணையிட்டது.