கேம் லேப்டாப் வாங்கப் போறீங்களா? 'வாட்ஸ்' கேட்டு வாங்குங்க!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குறைஞ்ச விலை கேம் லேப்டாப் தேடுறவங்க ரிச்சி தெருவுக்கு கிளம்பும் முன் இதை படிச்சுட்டு போங்க.

'ஆர்.டி.எக்ஸ். 3050' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 2021-ல் வந்த இந்த கிராபிக்ஸ் சிப்பின் மின்சக்தி மாடலுக்கு மாடல் 35 முதல் 80 வாட்ஸ் வரை மாறும். வாட்ஸ் குறைந்தால் கேம் வேகமும் குறையும்.

இதில் 4 ஜி.பி., 6 ஜி.பி. என 2 ரகம் உண்டு. புது கேம்களில் 4 ஜி.பி. திணறும். ராம் 16 ஜி.பி. இருப்பது நல்லது.

கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் வேகம் வெகுவாக குறையும்.

கன்டெய்னர் லாரி புழுதி பறக்கும் ஏரியாவில் பேன் துவாரம் சீக்கிரம் அடைச்சுக்கும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தை குறைச்சுக்கும். அடிக்கடி தூசி தட்டுங்க. மெத்தை மேல் வைத்து விளையாடாதீங்க.