கிள்ளானுக்குக் காக்கை வந்த கதையும், நாம் வைக்கும் ஒரு பிடி சோறும்



கொஞ்ச நாளா ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "பலிபீடத்துக்கு வெளியே வெச்ச சோத்தை ஏன் உடனே எடுத்துடுறீங்க? காக்காயை விரட்டுறது பாவம் இல்லையா? பித்ருக்கள் கோவிச்சுக்க மாட்டாங்களா?" கேட்பவர்கள் பெரியவர்கள், நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆமா, இல்லைன்னு ஒரு வரியில் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. பழைய கதை ஒன்று இருக்கு, பொறுமையா படிங்க.

நம்ம வட்டாரத்தில் காலையில் கரையும் அந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை இந்த மண்ணின் பறவை இல்லை. மலாய்க்காரர்கள் அதை 'காகாக் ருமா' என்பார்கள், வீட்டுக் காக்கை என்று அர்த்தம். இங்கே ஆதியில் இருந்தவை உடம்பெல்லாம் கருப்பான காட்டுக் காக்கைகள், நம்ம ஊர் அண்டங்காக்கை மாதிரி. சாம்பல் கழுத்துக்காரரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். கொண்டு வந்தது இலங்கையிலிருந்து, இறக்கியது கிள்ளானில்.

காரணம் காப்பி. இலங்கையில் 1869 முதல் காப்பி இலையில் துரு நோய் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. பிழைப்புப் போன துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் மறுபடியும் காப்பி போட்டார்கள். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயிலும் ஓட ஆரம்பித்தது. காட்டை வெட்டிக் கன்று நட்டது யார் என்று நம்ம குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி அழைத்து வந்த ஆட்கள்தான்.

இங்கே துரு நோயோடு புழுவும் சேர்ந்து கொண்டது. தேனீ மாதிரி பகலில் பறக்கும், சிறகு கண்ணாடி போலத் தெரியும் ஓர் அந்துப்பூச்சி உண்டு. அதன் பச்சைப் புழு காப்பிச் செடியை மொட்டையடித்துவிடும். மருந்து தெளிக்கும் காலம் அல்ல அது. புழு தின்னும் பறவை வேண்டும் என்று யோசித்து, 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் அந்தச் சில ஆண்டுகளில், இலங்கைக் காக்கையைக் கொண்டு வந்து விட்டார்கள். கூலிக்கு ஆள் எடுத்த மாதிரியே காக்கையையும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக் கொள்வதுண்டு.

ஆனால் காப்பி நிலைக்கவில்லை. பிரேசிலில் விளைச்சல் கூடி உலகச் சந்தையில் விலை விழுந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காக்கைக்குக் கொடுத்த வேலை போச்சு, காக்கை போகவில்லை! 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. கப்பல், மீன் சந்தை, குப்பைமேடு, லயத்து வீட்டுப் பின்கட்டு எல்லாம் இருக்கும் இடத்தில் அதுக்கு என்ன குறை? இன்று தீபகற்பத்தின் நகரங்களிலும் சிங்கப்பூரிலும் அதுதான் ராஜா.

ஊரில் சாப்பிடும் முன் காக்கைக்கு வைத்துப் பழகிய கை, கடல் தாண்டி வந்தும் அதே குரலைக் கேட்டால் சும்மா இருக்குமா? சனீஸ்வரன் வாகனம், முன்னோர் வருகிறார்கள் என்ற நம்பிக்கை, அமாவாசைப் படையல் எல்லாம் இங்கேயும் வேர் பிடித்தது. அதில் நமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அளவைத்தான் கவனிக்க வேண்டும். பாட்டிமார் வைத்தது ஒரு பிடி. உப்புப் போடாத சோறு, கொஞ்சம் எள், ஒரு இலைத் துண்டு. "கா கா" என்று கூப்பிட்டு, அது வந்து கொத்தியதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் பந்தி. இன்றைக்குச் சனிக்கிழமை என்றால் பிளாஸ்டிக் பையோடு மீந்த பிரியாணி வருது, ரொட்டி வருது, முறுக்குகூட வருது. கொட்டிவிட்டு, அது தின்னுதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் காரில் ஏறிவிடுகிறோம். பகலில் காக்கையும் மாடப்புறாவும் மைனாவும், இரவில் எலி. எலி வந்தால் கெஞ்சிங் திகுஸ் நோய் பயம். போதாததுக்கு, காக்கைக் கூட்டம் பெருகினால் கொண்டலாத்தி, கருப்பு வெள்ளை குண்டுக்கரிச்சான் இதுகளோட முட்டையையும் குஞ்சையும் தூக்கிக் கொண்டு போகும்.

பக்கத்துத் தாமான்காரர்கள் புகார் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? துப்பாக்கியோடு ஆள் வந்து சுடுவார்கள். கிள்ளான் வட்டாரம் அதைப் பார்க்காததில்லை. சோற்றை எடுப்பது பாவம் என்று சொல்லும் அன்பர்கள் இதையும் யோசிக்கணும். காக்கை சாவது நாம் ஒரு பிடி வைப்பதால் அல்ல, மூட்டையாகக் கொட்டுவதால்.

சிறு பறவைகளுக்குக் கோயிலில் என்றுமே இடம் உண்டு. அரிசி மாவுக் கோலமே எறும்புக்கும் குருவிக்கும் போட்டதுதான். (இப்போ ஸ்டிக்கர் கோலம். குருவி அதை என்ன செய்யும்?) அதனால் நந்தவனத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம். சுற்றி நாலு சென்டிமீட்டர் கண் உள்ள கம்பி வலை. சிட்டுக்குருவியும் சில்லையும் நுழையும், காக்கையும் மாடப்புறாவும் நுழைய முடியாது. மணிப்புறா கீழே சிந்துவதைப் பொறுக்கிக் கொள்ளும். உள்ளே தினையும் நெல்லும், அன்றன்றைக்குத் தீரும் அளவு மட்டும்.

அணில்தான் பெரிய சவால். இங்குள்ள அணிலுக்கு முதுகில் ராமர் போட்ட மூன்று கோடு கிடையாது. பக்கவாட்டில் கருப்பு வெள்ளைக் கோடு, செம்பழுப்பு வயிறு. ராமர் பாலத்துக்கு மண் சுமக்காட்டாலும் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. தட்டை ஆறடிக் கம்பத்தில், மரத்திலிருந்து பத்தடி தள்ளி நட்டு, நடுவில் அகலமான தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டினோம். அதோடு தானியத்தில் மிளகாய்த்தூள் கலக்கிறோம். பறவைக்கு மிளகாய் உறைக்காது, அணிலுக்கும் எலிக்கும் உறைக்கும். தேன்சிட்டுக்குத் தட்டே வேண்டாம், பூஜைக்கு வைத்த இட்லிப்பூவும் செம்பருத்தியும் போதும்.

சிங்கப்பூரிலிருந்து வரும் அன்பர்கள் இந்தத் தட்டை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அங்கே 2020 முதல் காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

ஆடி அமாவாசைக்குப் பின்வாசல் பக்கம் கருங்கல் பலகை ஒன்று போடுகிறோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிடி, வாழையிலையில். பிளாஸ்டிக் வேண்டாம், உப்பும் எண்ணெயும் வேண்டாம். காக்கை எடுக்கும் வரை பக்கத்தில் நின்று கும்பிடுங்கள். இருபது நிமிஷம் கழித்து மிச்சத்தை நாங்கள் எடுத்து, கல்லைக் கழுவி, அடுத்த குடும்பத்தைக் கூப்பிடுவோம். வரிசை காலை ஆறரைக்கு ஆரம்பம்.