கடைசி 20 நிமிடம்

(தொடர் – 23)

புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதா என்ற கீழூர் வாக்கெடுப்பை இந்த வாரம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியாகிவிட்டது. புதுச்சேரி அரசியல் தலைவர் குபேர் இந்தியாவின் பக்கம் மாறியாகிவிட்டது. இனி 178 பிரதிநிதிகள் கீழூருக்குப் போய் வாக்களிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் 1954 அக்டோபருக்குப் போகும் வழியில் 1948 ஜூலை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதத்தின் கடைசி நாளில், லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில், கிரிக்கல்ஃபீல்ட் என்ற மைதானத்தில், இந்தியாவும் பிரான்ஸும் பதினொருவருக்குப் பதினொருவராக எதிர் எதிரே நின்றன. பிரெஞ்சிந்தியாவின் விடுதலையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆட்டத்தைத் தொடுவதே இல்லை.

காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். பிரெஞ்சிந்திய ஊர்களின் வருங்காலத்தை அந்தந்த ஊர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்று பாரிஸ் அறிவித்தது ஜூன் 8. டெல்லிக்கும் பாரிஸுக்கும் இடையே கடிதங்கள் பரிமாறி ஒப்பந்தம் ஆனது அந்த மாத இறுதியில். சந்திரநாகூர் வாக்களிக்க இன்னும் ஓராண்டு இருந்தது. புதுச்சேரியில் அக்டோபரில் நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்பதால் குபேர் ஆட்கள் தெருத்தெருவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்கரைச் சாலைக்கு அவர் பெயரை வைத்துக் கொண்டாடுகிறோம். அந்த மரியாதை அவருக்குக் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். அதை அவருக்குரிய வாரத்தில் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 30 வந்தால் புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் 1936ஐ நினைப்பார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 12 பேர் பலியான நாள் அது. அதற்கு மறுநாள்தான் இல்ஃபோர்ட் ஆட்டம்.

புதுச்சேரியை ஒட்டிய நோணாங்குப்பத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும். சுண்ணாம்பாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போய் முள்ளோடையைத் தாண்டினால் அன்றைக்கு அது இந்தியா. நோணாங்குப்பம் பிரான்ஸ். 1948இல் இங்கே ஆற்று மணலில் பந்து உதைத்த பையன் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமகன். அவன் பேசும் பாஷையையே பேசிய ஒருவர் இல்ஃபோர்டில் கோல் போட்டார். சட்டத்தின் கணக்கில் அந்தக் கோல் இந்தப் பையனுடைய அணியின் வலையில்தான் விழுந்தது.

கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். பெங்களூருத் தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அவருடையது. கம்பங்களுக்கு நடுவே நின்ற கோல்கீப்பர் வரதராஜும் பெங்களூருக்காரர்தான். தண்டு முகாமைச் சுற்றி வளர்ந்த ஆட்டம் அந்த ஊர் ஆட்டம். வெள்ளைப் பட்டாளத்தோடு மோதி மோதி அங்குள்ள பையன்கள் பந்தைத் தரையோடு ஒட்டி உருட்டப் பழகினார்கள். 1946இல் மைசூர் அணி வங்காளத்தையே வீழ்த்திச் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ் என்று பெங்களூரிலிருந்து கல்கத்தா போன மூவரும் பிறகு ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ‘பஞ்ச பாண்டவர்’களில் மூவரானார்கள். ஐவரில் மூவர் ஒரே ஊர்.

இனி அணித்தலைவர். இவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தாலிமெரென் ஆவோ. டி. ஆவோ என்றால் கல்கத்தா மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். 1918இல் நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கிறித்தவ மதகுரு. 1935இல் டைஃபாய்டில் இறந்துபோன அவருக்கு, மகன் டாக்டராகி மலைக்குத் திரும்பி வந்து சொந்த சனங்களைக் கவனிக்க வேண்டும் என்பதே கடைசி ஆசை. ஆவோ கௌஹாத்தி காட்டன் கல்லூரிக்குப் போனார். பிறகு 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மோகன் பகான் அணிக்கு வந்தபோது அவர் மருத்துவ மாணவர். 1944இல் அவர் பிறந்த மலைகளுக்குள் ஜப்பானியப் படை நுழைந்து கோஹிமாவில் கைக்குக் கை சண்டை நடந்தது. அந்தக் காலத்திலும் அவர் கல்கத்தாவில் உடற்கூற்றியல் படித்துக்கொண்டு, சென்டர் ஹாஃப் ஆடிக்கொண்டிருந்தார்.

சென்டர் ஹாஃப் என்ற இடத்தின் அருமையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நம்மவர்கள் ஆடியது பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய அமைப்பு. நடு மூவரில் நடுவில் நிற்பவன் தாக்குதலையும் தடுப்பையும் ஒருவனாகவே சுமக்க வேண்டும். எதிரியின் சென்டர் ஃபார்வர்டைக் கட்ட வேண்டும், பந்து கிடைத்த நொடியில் முன்னால் இருக்கும் ஐந்து பேரில் எவன் காலியாக நிற்கிறான் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், திரும்பவும் பின்னால் ஓட வேண்டும். மைதானத்திலேயே அதிகம் ஓடுகிறவனும் அதிகம் யோசிக்கிறவனும் அவன்தான். மருத்துவப் படிப்பை வைத்துக்கொண்டு இந்த வேலையையும் செய்தார் ஆவோ.

ஜூலை 29ஆம் தேதி வெம்ப்ளியில் ஒலிம்பிக் தொடக்க விழா. சுதந்திர நாடாக இந்தியா போன முதல் ஒலிம்பிக். அணிவகுப்பில் மூவர்ணக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் ஆவோ. அவருடைய கல்லூரிக்கு அந்த ஆண்டுதான் ஆர்.ஜி. கர் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். படிப்பு இன்னும் முடியவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி மாணவன் நாட்டின் கொடியையும் கால்பந்து அணியையும் சேர்த்துச் சுமந்தான் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

இரண்டு நாள் கழித்து ஆட்டம். 17,000 பேர் பார்த்தார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால், பாதத்தில் துணிக்கட்டு மட்டும். 30ஆம் நிமிடத்தில் கூர்பன் பிரான்ஸுக்கு முதல் கோல் போட்டார். பிறகு ஆட்டம் நம் பக்கம் சாய்ந்தது. இரண்டு பெனால்டி கிடைத்தன. ஒன்றை சைலேன் மன்னா அடித்தார், இன்னொன்றை மகாவீர் பிரசாத். இரண்டும் கோலாகவில்லை. 70ஆம் நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். 89ஆம் நிமிடத்தில் பெர்சியோன் பிரான்ஸின் இரண்டாவது கோலைப் போட்டார். 1–2.

இதைச் சொல்லும் எல்லோரும் அந்த இரண்டு பெனால்டியில் போய் நின்றுகொள்கிறார்கள். மன்னாவையும் மகாவீரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழியைச் சுமக்க வேண்டியவர்கள் இல்ஃபோர்டுக்கு வரவே இல்லை. அவர்கள் நம் ஊர்ச் சங்க அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இதுதான். உலகம் 90 நிமிடம் ஆடியது. நம் நாட்டுப் போட்டிகள் 70 நிமிடம். வெயிலையும் மழையையும் காட்டிச் சுருக்கிய இந்த வழக்கம் 1970கள் வரும்வரை போகவில்லை. 70 நிமிடத்துக்கே பழகிய கால்களை லண்டனுக்கு அனுப்பினால் 71ஆவது நிமிடம் அவர்களுக்குப் புது ஊர். ராமன் கோல் போட்டது 70ஆம் நிமிடம் என்பதை மறுபடி பாருங்கள். நம் ஊர்க் கணக்கில் நடுவர் அத்தோடு விசில் ஊதியிருப்பார், ஆட்டம் 1–1 என்று முடிந்திருக்கும். அதற்குப் பின் வந்த 20 நிமிடத்தில் நம்மவர்கள் 19 நிமிடம் தாக்குப் பிடித்தார்கள். அந்த 19 நிமிடத்துக்காகவே அந்தப் பதினொரு பேரையும் வணங்குவேன்.

அடுத்து ஆகஸ்டில் வெம்ப்ளியில் நம் ஹாக்கி அணி பிரிட்டனை 4–0 என்று வென்று தங்கம் வாங்கியது. நாடு அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்த ஆரவாரத்தில் 1–2 மறைந்தது. பிரான்ஸும் அடுத்த சுற்றில் பிரிட்டனிடம் 0–1 என்று தோற்று ஊர் திரும்பியது.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வீரமாகப் பாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. பந்தைத் தொட்டு உணர்ந்து ஆட வெறுங்கால் நம்மவர்களுக்கு வசதியாக இருந்தது உண்மை. ஆனால் 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது. நமக்குக் கிடைத்த ஒன்றைப் போட்டவர் நம் பெங்களூர் அகமது கான். பூட்ஸ் கட்டாயம் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. வெறுங்காலின் அழகைப் பேசிப் பேசியே பயிற்சியில் இருந்த ஓட்டையை மூடி வைத்தார்கள்.

ஆவோ 1950இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பெரிய கிளப்புகள் இருந்த ஊரை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார். கோஹிமாவில் அரசு மருத்துவராக வேலை பார்த்து, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநர் பதவி வரை உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். தந்தைக்குக் கொடுத்த வாக்கு அப்படி நிறைவேறியது. 1998இல் காலமானார். தபால் தலைகூட வெளியிட்டிருக்கிறார்கள். ராமனைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

பிரான்ஸோடு கணக்கு அத்தோடு தீரவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதே பிரான்ஸ் நம் பிரிவில் வந்து சேர்ந்தது. இப்போது பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். இந்தியக் கால்பந்தில் மேதை என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் இவர் பெயரைச் சொல்வேன். கோலுக்கு முன்னால் பீட்டர் தங்கராஜ், இடப்பக்கம் செகந்தராபாத்தில் வளர்ந்த தமிழர் துளசிதாஸ் பலராம், தஞ்சாவூரிலிருந்து வந்த சைமன் சுந்தரராஜ். அணித்தலைவர் பி.கே. பானர்ஜி.

முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. அந்த அணியில் புளோரியன் ஆல்பர்ட் இருந்தார், பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் வாங்கியவர். 0–2 என்று பின்தங்கிய நிலையில் 79ஆம் நிமிடத்தில் பலராம் கோல் போட்டார். 70ஐத் தாண்டியும் நம்மவர்கள் ஓடினார்கள். அதுதான் ரஹீமின் கைவேலை. ஆட்டம் 1–2. அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கியது.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 29, கிராசெட்டோ நகரம், எதிரே பிரான்ஸ். 71ஆம் நிமிடத்தில் பி.கே. கோல் போட்டு இந்தியாவை முன்னால் நிறுத்தினார். இன்னும் 19 நிமிடம். 82ஆம் நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. 1–1. மறுபடியும் அந்தக் கடைசி 20 நிமிடம்! கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 1–3 என்று தோற்று நம்மவர்கள் வெளியேறினார்கள்.

அந்த 1–1 நாளில் நோணாங்குப்பம் எந்த நாடு? 1954 நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவுடையது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் மட்டும் அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. சட்டப் புத்தகத்தில் இந்த ஊர் அப்போதும் பிரான்ஸ். ஒப்புதல் 1962 ஜூலையில் வந்தது, சட்டப்படியான மாற்றம் ஆகஸ்ட் 16.

அந்த மாதம் 24ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு தொடங்கியது. புதுச்சேரி முழுக்கச் சட்டப்படி இந்தியாவான பின் நம் கால்பந்து அணி ஆடிய முதல் பெரிய போட்டி. தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றுத் தொடங்கிய அணி, அரையிறுதியில் தென் வியட்நாமை 3–2 என்று வென்றது. செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரே அதே கொரியா. இஸ்ரேல், தைவான் அணிகளை விலக்கியதை நம் நாட்டு அதிகாரி சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. 17ஆம் நிமிடத்தில் பி.கே., 20ஆம் நிமிடத்தில் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோலில் நின்றார் தங்கராஜ். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 12 ஆண்டு பயிற்சி கொடுத்த ரஹீம், புற்றுநோயோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஜூனில் அவர் இறந்துபோனார்.

இம்முறை 90 நிமிடமும் நின்றார்கள். 2–1, தங்கம்.

(தொடரும்)