சுவரில் எழுதிய கணக்கு

தஞ்சைப் பெரியகோயிலின் விமானத்தை அண்ணாந்து நோக்கி வியப்போர் பலர். அதன் அடித்தளத்தைக் குனிந்து படிப்போர் சிலரே. கட்டடக் கலைக்குச் சற்றும் குறையாத சாதனையொன்று அங்கேதான் உள்ளது. ஒரு பெரும் நிறுவனம் நாள்தோறும் எவ்வாறு இயங்கவேண்டும் என்னும் விவரம் விமானத்தின் அடித்தளத்திலும் திருச்சுற்றுமாளிகையிலும் கல்லில் வெட்டப்பட்டு, வருவோர் போவோர் கண்முன் நிற்கிறது.

முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் (கி.பி. 1010-11) 20ஆம் நாளில் ஆணையொன்று பிறப்பிக்கிறான். தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றையோர் கொடுத்தவை யாவற்றையும் கல்லில் வெட்டவேண்டும் என்பதே அது. மன்னனுக்கு ஒரு கணக்கு, மற்றவர்க்கு ஒரு கணக்கு என்ற பேதம் அங்கில்லை. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், நகைகளைத் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். முத்துகளின் எண்ணிக்கையோடு நிற்காமல், மணிகளில் இருந்த குறைகளையும் எழுதி வைத்தனர். தான் அளித்த நகையின் குறையைத் தானே கல்லில் வெட்டிவைக்கும் அரசனை நாம் எளிதில் காண இயலுமா?

பணியாளர் பட்டியல் இன்னும் நுட்பமானது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவரும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருப்பவர் என்பது வரை குறிப்பு உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உரிமையுடையவர் அப்பணியை ஏற்கவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணி நடத்தவேண்டும். ஆள் மாறினாலும் பணி நிற்கலாகாது என்பதே இவ்விதியின் உட்பொருள். விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் என்றும், அதற்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்றும் கணக்கு உண்டு. ஊர்ச்சபைகளிடம் கடனாக வைத்த காசுக்கு வட்டி ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை எவரும் படித்துக் கேட்கலாம்.

இம்மரபுக்கு நம் காலத்தில் நெருங்கிய உறவு எது என்று எண்ணும்போது நமக்கு நினைவுக்கு வருவது விக்கிப்பீடியாவின் வழங்கிக்கூடம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கட்டுரையை எவரும் திருத்தலாம் என்பது பலரும் அறிந்தது. அக்கட்டுரைகளை உலகெங்கும் கொண்டு சேர்க்கும் கணினிகளின் நிர்வாகமும் திறந்தே கிடக்கிறது என்பது பலரும் அறியாதது. ஒவ்வொரு வழங்கியும் எவ்வாறு அமைக்கப்பட வேண்டும் என்னும் நெறிமுறைக் கோப்புகளை விக்கிமீடியா அறக்கட்டளை 2011இல் பொதுவில் வைத்தது. வெளியாள் ஒருவரும் அதில் மாற்றத்தை முன்மொழியலாம். பொறுப்பாளர் சரிபார்த்து ஏற்பர். யார், எந்த நேரத்தில், எந்த வழங்கியில் என்ன செய்தார் என்பது நாட்குறிப்பாகப் பதிவாகிறது. தளம் முடங்கிவிட்டால் ஏன் முடங்கியது, எவ்வாறு மீண்டது என்னும் அறிக்கையும் பொதுவில் வெளியாகிறது. மணியின் குறையைக் கல்லில் வெட்டிய மனப்பாங்கு இதுவே அன்றோ!

எல்லாமே திறந்ததா என்றால், இல்லை. கடவுச்சொற்களும் பயனர்களின் அந்தரங்க விவரங்களும் தனியே பூட்டி வைக்கப்படுகின்றன. ஆயினும் அங்கே திறந்திருப்பதே இயல்பு. மூடுவதற்குத்தான் காரணம் சொல்லவேண்டும். பல நிறுவனங்களில் இது தலைகீழ். அனைத்தையும் அறிந்த ஒருவர் விலகிவிட்டால் அவருடன் அறிவும் விலகிவிடுகிறது. தஞ்சைக் கல்வெட்டு அஞ்சியதும் இதற்கே.

ஆனால் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. சுவர் மூடப்படவில்லை, எழுத்தும் அழியவில்லை. எனினும் அவ்வெழுத்தைப் படிப்போர் அருகிப்போனமையால் கட்டியவன் பெயரே ஊருக்கு மறந்தது. தலபுராணம் வேறொரு சோழனின் கதையைச் சொல்லிற்று. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஊல்ச் அக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசன் தன் கோயிலுக்குத் திரும்பினான். திறந்து வைப்பது பாதி வேலை. படிக்கக் கற்பிப்பது மறுபாதி. விக்கிமீடியாவின் தொழில்நுட்ப ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. குடந்தையிலோ மன்னார்குடியிலோ கணினி பயிலும் மாணவனுக்கு அவை கட்டணமில்லாப் பாடநூல்கள்தாம். எடுத்துச் சொல்வார் இல்லையேல் அவனுக்கும் அவை படிக்கவியலாச் சுவரே.

மற்றொன்றும் சொல்லாமல் விடலாகாது. கோயிலுக்கு நெல் தந்த ஊர்களின் நிலம் வேலியின் நுண்பின்னம் வரை அளந்து எழுதப்பட்டது. வரி விலக்குப் பெற்ற இடங்களாக ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் பறைச்சேரியும் வரிசையாக வருகின்றன. சேரி அங்கே ஒரு நிலத்துண்டு மட்டுமே. ஆடியவர் பெயரும் விளக்கேற்றிய நெய்யின் அளவும் கல்லில் உண்டு. அந்த நெல்லை நட்டு அறுத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கணக்கு திறந்திருக்கிறதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதில் எழுதப்படாதவர் யார் என்றும் கேட்கவேண்டும். கோயில் சுவரானாலும் கணினிக் கோப்பானாலும் இக்கேள்வி ஒன்றே.