ஸ்மார்ட்ஃபோனை விட்டு 'பட்டன் ஃபோனுக்கு' மாறலாமா? சிங்கப்பூரில் எது நடக்கும், எது நடக்காது?

இன்று காலை எம்ஆர்டி ரயிலில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?

ஞாபகம் இல்லையா? கவலை வேண்டாம். அவருக்கும் உங்களை ஞாபகம் இருக்காது. இரண்டு பேரும் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

"போதும்ப்பா" என்று முடிவெடுத்த இளையர்கள் சிலர் பட்டன் வைத்த பழைய பாணிக் கைபேசிக்குத் திரும்புகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'டம்ப் ஃபோன்' என்று பெயர். பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அலாரம் வைக்கலாம். அவ்ளோதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி, பாலர் பள்ளி, பல் மருத்துவர் என்று எல்லாரும் செயலிக்குள் குடியிருக்கும் சிங்கப்பூரில் இது ஒத்துவருமா? நான் இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

அலமாரியில் இருக்கும் பழைய நோக்கியா உதவாது

பலரும் முதலில் செய்யும் தவறு இது. அம்மா பத்திரமாக வைத்திருக்கும் நோக்கியா 3310-ஐ எடுத்து மின்னூட்டுவார்கள். விளக்கு எரியும். 'ஸ்னேக்' விளையாட்டுகூட ஓடும். ஆனால் சிக்னல் வராது.

காரணம், 3310 வெளிவந்த ஆண்டு 2000. அது 2ஜி கைபேசி. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரல் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதே 2017இல்தான் நோக்கியா அந்த மாடலைப் புதுப்பித்து மீண்டும் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்த புதிய 3310-உம் வெறும் 2ஜிதான்! 3ஜி வடிவம் அதற்குப் பிறகே வந்தது. 2024ஆம் ஆண்டில் இங்கே 3ஜியும் விடைபெற்றது.

ஆகவே இப்போது வாங்கினால் 4ஜி கைபேசியாக இருக்க வேண்டும். அதிலும் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யும் 'வோல்டி' வசதி கட்டாயம். அதுவும் உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்பில் வேலை செய்ய வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு மாடல்கள் பல இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். கடைக்குப் போய், உங்கள் சிம் அட்டையைப் போட்டு, ஓர் அழைப்பு செய்து பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

இன்னொன்றையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். நண்பரிடம் சொல்லி ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சில பட்டன் ஃபோன்களில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வரும். கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத உதவிய 'செல்லினம்' 2005 பொங்கலன்று அறிமுகம் கண்டது நம்ம சிங்கப்பூரில்தான். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியது. இருபது ஆண்டு கழித்தும் கட்டம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கோபம் வரும். வரட்டும்.

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு என்கிறது 2025 பிப்ரவரியில் 'பிஎன்ஏஎஸ் நெக்சஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு. அதில் 467 பேர் பங்கேற்றனர். இரண்டு வாரங்களுக்கு அவர்களுடைய ஸ்மார்ட்ஃபோனில் இணையம் முடக்கப்பட்டது. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், கணினியில் இணையத்தையும் பார்க்கலாம். கையில் இருக்கும் கருவியில் மட்டும் இல்லை.

பங்கேற்றோரில் 91 விழுக்காட்டினருக்கு மனநலம், மனநிறைவு, கவனம் ஆகிய மூன்றில் ஒன்றாவது மேம்பட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 314 நிமிடமாக இருந்த கைபேசி நேரம் 161 நிமிடமாகக் குறைந்தது. மிச்சமான நேரத்தில் நேரில் ஆட்களைப் பார்த்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், வெளியில் நடந்தார்கள், கூடுதலாகத் தூங்கினார்கள்.

ஆனால் ஒன்று. பலரால் இரண்டு வாரமும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இடையிலேயே முடக்கத்தை நீக்கிவிட்டார்கள். தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்களுக்கே அந்த நிலை!

இன்னொரு பிரபலமான ஆய்வையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. கைபேசி சத்தமில்லாமல் மேசைமேல் சும்மா கிடந்தாலே கவனம் சற்றுக் குறைகிறது, வேறு அறையில் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அது சொன்னது. சமூக ஊடகத்தில் அடிக்கடி சுற்றும் தகவல் அது. ஆனால் பின்னர் மற்றவர்கள் செய்த சில ஆய்வுகளில் அந்த முடிவு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு அறையில் வைத்துப் பார்க்கக் காசு எதுவும் ஆகாது என்பது மட்டும் உறுதி.

சிங்கப்பூரில் எங்கே இடிக்கும்?

நான் எதிர்பார்த்ததைவிடப் பேருந்தும் ரயிலும் சுலபம். ஈஸி-லிங்க் அட்டை போதும். 2024 ஜனவரியில் பழைய வகை அட்டைகளை நிறுத்திவிட்டுச் சிம்ப்ளிகோ முறைக்கு மாறப்போவதாக அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம். தட்டும்போது மீதித் தொகை தெரியாது என்று மக்கள் அதிருப்தி தெரிவித்தனர். இரண்டே வாரத்தில் நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று அரசாங்கம் கூறியது. சாதாரண அட்டையை விரும்புகிறவர்கள் வயதானவர்கள் மட்டுமல்ல என்பது அப்போது தெரிந்தது.

உணவங்காடி நிலையத்தில் ரொக்கம் இருந்தால் பிரச்சினை இல்லை. சில்லறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில் இரண்டு பரோட்டாவுக்கு 50 வெள்ளித் தாளை நீட்டினால் கிடைக்கும் முறைப்பை நான் பார்த்துவிட்டேன்.

சிடிசி பற்றுச்சீட்டு? அதற்கான இணைப்பு குறுஞ்செய்தியில் வரும். பட்டன் ஃபோனில் அதைத் திறந்து பயன்படுத்துவது கஷ்டம். ஆனால் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவர்களுக்காகவே அந்த ஏற்பாடு.

இடிப்பது வங்கி.

2024 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. கைபேசியில் மின்னிலக்க டோக்கன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் கணக்கிற்குள் நுழைய, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் படிப்படியாக நிறுத்தப்படும் என்பது அது. மோசடிக்காரர்கள் அந்த எண்களை ஏமாற்றிப் பறிப்பதால் எடுத்த முடிவு, நியாயமானதுதான். ஆனால் அந்த டோக்கன் ஸ்மார்ட்ஃபோனுக்குள்தான் இருக்கிறது. சிங்பாஸும் அப்படித்தான். கணினியில் வேறு வழிகளில் நுழைய முடியும் என்றாலும் செயலி இல்லாமல் எல்லாச் சேவைகளுக்கும் அது போதாது.

வாட்ஸ்ஆப் வேண்டுமா? 'காய்ஓஎஸ்' என்ற மென்பொருளில் ஓடும் பட்டன் ஃபோன்களில் முன்பு அது இருந்தது. 2024 ஜூனிலிருந்து புதிதாகப் பதிவிறக்க முடியாது. 'வாட்ஸ்ஆப் உண்டு' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

அப்போ நடக்காதா?

நடக்கும். ஆனால் ஸ்மார்ட்ஃபோனைத் தூக்கிப் போடக்கூடாது. அதை வீட்டுத் தொலைபேசியாக மாற்ற வேண்டும்.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். வரவேற்பறையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் தொலைபேசி, பக்கத்தில் எண்கள் எழுதிய ஒரு நோட்டு. பேச வேண்டுமென்றால் எழுந்து அங்கே போக வேண்டும். நான் செய்ததும் அதேதான்.

சிம் அட்டையை எடுத்துப் பட்டன் ஃபோனில் போட்டேன். ஸ்மார்ட்ஃபோன் சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் இருந்தது. வங்கிச் செயலி, சிங்பாஸ் எல்லாம் வழக்கம்போல வேலை செய்தன. வாட்ஸ்ஆப்பும் பழைய எண்ணிலேயே தொடர்ந்தது. அலுவலகக் கணினியிலும் அதை இணைத்துக்கொண்டேன். ஒன்றை மறக்காதீர்கள்: 14 நாளுக்குமேல் மூலக் கைபேசியில் வாட்ஸ்ஆப்பைத் திறக்காவிட்டால் கணினி இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும்.

தேசியச் சேவை செய்த அண்ணன்மார்களுக்கு இது புதிதல்ல. முகாமுக்குள் கேமரா வைத்த கைபேசிக்கு அனுமதியில்லாத காலத்தில் பலரும் கேமரா இல்லாத இரண்டாவது கைபேசி ஒன்று வைத்திருந்தார்கள். ஞாயிறு இரவு சிம் அட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள்.

முதல் மூன்று நாள் எனக்குக் கை அரித்தது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில்கூடப் பைக்குள் கை போகும். பட்டன் ஃபோனை எடுத்து மணி பார்ப்பேன். மறுபடியும் பார்ப்பேன். செய்தித் தயாரிப்பாளராக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் திரையில் வந்து விழும் அறிவிப்புகளில் சில நாங்கள் அனுப்புபவை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, இரவுச் சாப்பாடு. அப்பா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அவர் சிறுவன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அப்ப எங்க புளோக்குக்குக் கீழ ஒருத்தர் இருந்தாரு..." என்று ஆரம்பித்தார். இதை இதற்கு முன்பும் ஆரம்பித்திருக்கிறார். நான் திரையைப் பார்த்தபடி "ம்ம்" என்பேன். இரண்டு "ம்ம்"முக்குப் பிறகு, "சரி, நீ வேலையைப் பாரு" என்று எழுந்துவிடுவார்.

அன்று என் கையில் எதுவும் இல்லை. அவர் நாற்பது நிமிடம் பேசினார். கீழ்வீட்டுக்காரர் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் ஏற ஆசைப்பட்டது, தாத்தாவுக்கு அந்த ஆண்டு வேலை போய்விடுமோ என்று பாட்டி நகையை எண்ணிப் பார்த்தது, எல்லாம் வந்தது. கீழ்வீட்டுக்காரரின் பெயர் மட்டும் வரவில்லை. அப்பா கண்ணை மூடி யோசித்தார். போன வருஷம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அம்மா சொன்னார்.

யாருக்கு இது சரிப்படாது?

தனியார் வாடகை கார் ஓட்டுநர், உணவு விநியோகம் செய்பவர், வேலை நேரம் வாட்ஸ்ஆப் குழுவில் மாறிக்கொண்டே இருப்பவர் ஆகியோருக்கு ஸ்மார்ட்ஃபோன்தான் வேலைக் கருவி. அவர்களிடம் போய் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று சொல்வது அபத்தம்.

வெளிநாட்டு ஊழியர்களும் அப்படித்தான். துவாஸில் தங்கும் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து, புதுக்கோட்டையில் இருக்கும் மகளின் வீட்டுப்பாடத்தைக் காணொளி அழைப்பில் பார்க்கும் தந்தை, திரையில் நேரத்தை வீணடிக்கவில்லை. அவர் மகளோடு இருப்பதே அந்தத் திரை வழியாகத்தான். சாப்பாட்டு மேசையில் நான் திரையைப் பார்ப்பதும் அவர் பார்ப்பதும் ஒன்றல்ல.

மாறாமலேயே குறைக்க முடியுமா?

ஆப்பிளும் கூகளும் 2018இலேயே நேரத்தைக் கட்டுப்படுத்தும் வசதிகளைக் கொடுத்துவிட்டன. என் அனுபவத்தில் அவை அதிகம் உதவவில்லை. "இன்று உங்கள் நேரம் முடிந்தது" என்று வரும். ஒரு தட்டில் அதை மீறிவிடலாம். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதும் மூன்று நாளில் பழகிவிட்டது.

உதவியது எது தெரியுமா? முஸ்தஃபா சென்டரில் வாங்கிய அலாரம் கடிகாரம். காலையில் எழுப்ப அது இருப்பதால் கைபேசி படுக்கையறைக்கு வரத் தேவையில்லை. அதோடு ஒரு சாதாரணக் கைக்கடிகாரம். மணி பார்க்கக் கைபேசியை எடுத்து, அரை மணி நேரம் கழித்தும் மணி என்னவென்று தெரியாமல் வைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

உங்கள் தம்பி தங்கைக்கு இது பழகிக்கொண்டிருக்கும். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையிலும் துணைப்பாட நடவடிக்கையிலும்கூட ஸ்மார்ட்ஃபோன், ஸ்மார்ட் கடிகாரம் பயன்படுத்தக்கூடாது என்று கல்வி அமைச்சு அறிவித்தது. கருவிகள் பையிலோ பெட்டகத்திலோ இருக்க வேண்டும்.

முயன்று பார்க்க நினைத்தால் வேலை நாளில் வேண்டாம், ஒரு வார இறுதியில் தொடங்குங்கள். முக்கியமான ஐந்தாறு எண்களைத் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். மோசடி அழைப்பு என்று சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய 1799-ஐயும் சேர்த்து எழுதுங்கள். அதற்குச் செயலி தேவையில்லை, பட்டன் ஃபோனே போதும்.

வெள்ளிக்கிழமை மாலையே குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, "உயிரோட இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டு பெரியம்மா ஈசூனிலிருந்து நேரில் வந்து கதவைத் தட்டினார். இட்லியும் கொண்டுவந்திருந்தார்.